மூன்று முறை கழுவிய கை

வீரலட்சுமி கை கழுவுவதை வேடிக்கை பார்க்கவே காலனியில் ஆள் உண்டு. மட்டாஞ்சேரியில் அந்தக் கார்ப்பரேஷன் காலனிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாய்த் தண்ணீர் வரும். ஒரு குடத்துக்காக ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுத்த கதையெல்லாம் அங்கே நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு ஊட்ட அரைக் குடம் தண்ணீரைக் கைக்கே ஊற்றினால் யாருக்குத்தான் எரியாது? அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பஜார் ரோட்டைப் பெருக்கி முடித்து பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவாள். துணி சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் ஒரு கழுவு. தேங்காய் நாரால் நகக்கண்களைத் தேய்த்து இன்னொரு கழுவு. கடைசியாக அலுமினியச் சட்டியில் தண்ணீர் பிடித்து, ஒரு மூடி லோஷன் ஊற்றி, அது வெளுத்து வரும்வரை கலக்கி, இரண்டு கைகளையும் அதில் முக்கிக்கொண்டு மனதுக்குள் நூறு எண்ணுவாள்.

சாக்கடை ஓடை கழுவுவதற்காகக் கார்ப்பரேஷனில் கொடுக்கிற லோஷன் அது. அவள் புருஷன் இசக்கிதுரைக்குக் குப்பை லாரியில் ஏற்றி இறக்கும் வேலை. மாதம் ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டியது அவன் பொறுப்பு. ஓடைக்கு ஊற்ற வேண்டியதை வீட்டுக்குக் கடத்துகிறோமே என்று அவனுக்கு உறுத்தல்தான். "ஆஸ்பத்திரில வச்சிருந்ததும் இதே மணந்தான்" என்று அவள் ஒரே போடாகப் போட்ட பிறகு பாட்டில் தவறாமல் வந்தது. லோஷனில் முக்கி முக்கி அவள் விரல்களில் தோல் உரிந்துபோயிருந்தது. மழைக்காலத்தில் வெடித்து ரத்தம் கசியும். ஆனாலும் தன் கையைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. மட்டாஞ்சேரியிலேயே சுத்தமான கை தன் கைதான் என்று யாரிடமும் சொல்லத் தயங்கமாட்டாள்.

அவ்வளவு சுத்தமான கையிலிருந்து ஒரு வாய்ச் சோறு வாங்க அவள் மகளுக்கு மட்டும் மனம் வரவில்லை.

மகள் சோனியாவுக்கு இரண்டே முக்கால் வயது. எடை எட்டு கிலோ. மற்றப் பிள்ளைகள் காலனியில் ஓடித்திரியும் வயதில் இவள் சுவரைப் பிடித்து நடந்தாள். பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு, பொம்மையைக் குளிப்பாட்டுவாள். அம்மா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், உதடு பூட்டிக்கொள்ளும். கை முகத்துக்கு அருகே வந்தால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுவாள். அலறலிலும் வாயைப் பெரிதாகத் திறக்கமாட்டாள். தூங்கும்போது பாட்டிலை வாயில் வைத்தால் அரைப் பாட்டில் பால் இறங்கும். உயிர் ஓடிக்கொண்டிருந்தது அந்தப் பாலில்தான் என்று வீரலட்சுமி நினைத்துக்கொண்டிருந்தாள்.

எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மா கெடு வைத்திருந்தாள். ஓணத்துக்குள் ஒன்பது கிலோ வர வேண்டும். வராவிட்டால் அட்மிட் செய்து மறுபடியும் மூக்கு வழியாகக் குழாய். அது 1999 மே மாதம்.

குழாய் என்றால் என்னவென்று வீரலட்சுமிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஓணத்துக்கு முந்தின வாரம், ஏழாம் மாதத்தில், சுக்கு மண்டி வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. சோனியா பிறந்தபோது ஒரு கிலோ நூறு கிராம். ஐம்பத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளை என்று மூக்கில் குழாய் விட்டார்கள். இவள் ஸ்டீல் கிண்ணத்தில் பீய்ச்சிக் கொடுத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து குழாயில் ஊற்றுவாள். அடைத்துக்கொண்டால் பிளாஸ்திரியைப் பிய்த்து, பழைய குழாயை உருவி, புதியதை நுழைப்பார்கள். ரத்தம் எடுக்க ஊசியும் அதே நேரத்தில்தான். அந்த ஐம்பத்து மூன்று நாளில் ஒரு சொட்டுப் பால்கூடப் பிள்ளையின் நாக்கில் படவில்லை.

மூன்றாம் வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அன்று டூட்டியில் இருந்த நர்ஸ் வீரலட்சுமியிடம் என்ன வேலை என்று கேட்டாள். கார்ப்பரேஷனில் பெருக்குகிறேன் என்றாள் இவள். நர்ஸின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஆ கை கொண்டாணோ கொச்சினெ தொடுன்னது?" என்றாள். அந்தக் கையாலா குழந்தையைத் தொடுகிறாய் என்று. வார்டு வாசலில் லோஷன் சட்டி இருந்தது. மூன்று தடவை கழுவிவிட்டு வந்தால் போதும் என்றாள். காய்ச்சல் எதனால் வந்தது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தன் கையால்தான் வந்தது என்று வீரலட்சுமி தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். சொல்லை எறிந்த நர்ஸ் டூட்டி முடிந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். இவள் மூன்று வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரம்மா கெடு வைத்த அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு நேரம் என்பது ஒரு போர். இசக்கிதுரை பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீரலட்சுமி இடது கையால் பிள்ளையின் மூக்கைப் பிடிப்பாள். மூச்சுக்கு வாய் திறந்துதானே ஆக வேண்டும்? திறந்த நொடியில் குழைத்த சோற்றை உள்ளே தள்ளிவிடுவாள். பாதி வெளியே வரும், பாதி உள்ளே போகும். உள்ளே போனதும் கொஞ்ச நேரத்தில் வாந்தியாக வரும். வந்ததைத் துடைத்துவிட்டு, மறுபடி மூன்று முறை கை கழுவிவிட்டு வந்து உட்காருவாள். அவளுக்குப் பிடிவாதம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பயம். குழாய் மேல் பயம். அந்தப் பயத்தோடுதான் மூக்கைப் பிடித்தாள்.

இரண்டு வாரம் கால் பிடித்த இசக்கிதுரை ஒரு மத்தியானம் கையை விட்டுவிட்டு எழுந்தான்.

"என்னால முடியாது லச்சுமி. மாடு அறுக்கிறவன்கூட இப்படிப் பிடிக்கமாட்டான்."

"பின்னே குழாய் விடட்டுமா? நீ வந்து பாத்துக்கிட்டு நிப்பியா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு சாயாக் கடைக்குப் போய்விட்டான். அன்று முதல் பிள்ளையின் கால்களைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவளே தனியாகப் புகட்டினாள்.

ஜூன் மாதக் கடைசியில் அங்கன்வாடித் தராசில் நிறுத்தபோது எட்டு கிலோ இருநூறு காட்டியது. வீரலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெருக்கப் போகிற தெருவெல்லாம் அதைச் சொன்னாள். மிளகு மூட்டை தைக்கிற பெண்களிடம் சொன்னாள். தான் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்துவிட்டது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஓணத்துக்குள் ஒன்பது வந்துவிடும் என்று நம்பினாள். நம்பி, இன்னும் கொஞ்சம் அழுத்தவும் செய்தாள்.

அதிகாலை ஐந்து மணிக்கு அவளும் புருஷனும் வேலைக்குப் போனால், அவள் திரும்பும்வரை பிள்ளை அடுத்த வீட்டுக் காமாக்ஷியிடம் இருக்கும். காமாக்ஷிக்கு நாற்பது வயதுக்கு மேல். அவளும் கார்ப்பரேஷன்தான், மீன் மார்க்கெட்டைக் கழுவிப் பெருக்குகிற வேலை, மத்தியானத்துக்கு மேல். பிள்ளையை அவளிடம் விடும்போதே வீரலட்சுமி ஒரு கட்டளை போட்டிருந்தாள். "அக்கா, தண்ணி மட்டும் குடு. சோறு நான் வந்து குடுத்துக்கிடுவேன்." காரணம் சொல்லவில்லை. மீன் செதிலும் குடலும் அள்ளுகிற கை என்பது காரணம். பெருக்குகிறவளுக்குப் பெருக்குகிறவள் மேலேயே இளக்காரம். நர்ஸ் கொடுத்ததை இவள் அப்படியே இன்னொருத்திக்கு மாற்றிவிட்டாள்.

ஜூலையில் ஒரு ஹர்த்தால் வந்தது. பந்த் கூடாது என்று கோர்ட்டு சொன்ன பிறகு அதற்கு அப்படித்தான் பெயர். பெயர் மாறியதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. ஏழு மணிக்கெல்லாம் பஜார் ரோட்டில் கல் விழ ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். வீரலட்சுமி துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே காலனிக்கு வந்தாள். காமாக்ஷியின் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே காமாக்ஷி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் சோனியா. பக்கத்தில் அவித்த கப்பைக் கிழங்கும் நேற்றைய மத்திக் குழம்பும். காமாக்ஷி யாருடனோ பேசுவதுபோல ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு துண்டு கப்பையைக் குழம்பில் தோய்த்து எடுத்தாள். கை இன்னும் பாதி வழியிலேயே இருந்தது. சோனியா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

மகளின் வாய் தானாகத் திறப்பதை வீரலட்சுமி அன்றுதான் பார்த்தாள். உள்ளே சின்னச் சின்னப் பற்கள் தெரிந்தன. கடைவாய்ப் பல் முளைத்திருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்துபோய் நின்றாள். அடுத்த கணம் அந்தக் கை கண்ணில் பட்டது. நகத்தில் கறுப்பு. மணிக்கட்டில் ஒரு மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கப்பை சுவரில் போய் விழுந்தது.

"எத்தன நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள் காமாக்ஷி, பதறாமல். "பசிக்குன்னு எங்கையப் பிடிச்சு இழுத்தா. நான் என்ன செய்ய?"

ரெண்டு மாசம். அப்படியென்றால் அந்த இருநூறு கிராம் இவளுடையது. வீரலட்சுமிக்கு அழுக்கைக் கண்டு வந்த கோபத்தைவிட இது பெரிய கோபமாக இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாததால் அழுக்கையே பிடித்துக்கொண்டாள்.

"மீன் மார்க்கெட்டு அள்ளுன கையாலயா எம்புள்ளைக்கு ஊட்டுன?"

காமாக்ஷி விழுந்த கப்பையைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். "ஒன் கை எந்த மார்க்கெட்டு அள்ளுது லச்சுமி? சுக்கு மார்க்கெட்டுன்னா ஒசத்தியோ?"

வீரலட்சுமி பிள்ளையைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். மூன்று வருஷத்துக்கு முந்திய காய்ச்சல் அவள் தலைக்குள் ஏறி நின்றது. சட்டியில் லோஷனைக் கலக்கினாள். துணியை அதில் நனைத்துப் பிழிந்து, பிள்ளையின் உதட்டைத் துடைத்தாள். ஈறைத் துடைத்தாள். விரலில் துணியைச் சுற்றி நாக்கையும் துடைத்தாள். பிள்ளை முதலில் அலறியது. பிறகு சத்தமே இல்லாமல் கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தது. சுத்தமாகிவிட்டது என்று தோன்றியபோதுதான் நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு சோனியா எதுவுமே சாப்பிடவில்லை. தூக்கத்தில் பாட்டிலை வைத்தாலும் விழித்துக்கொண்டாள். தண்ணீரைத் தம்ளரில் தானே எடுத்து ஒரு வாய் குடிப்பாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காமாக்ஷியே மனம் கேட்காமல் ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு வாசலுக்கு வந்தாள். பிள்ளை அவளைப் பார்த்தும் உதட்டைப் பூட்டிக்கொண்டது. காமாக்ஷி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆறாம் நாள் பிள்ளைக்குத் தலை நிற்கவில்லை. இசக்கிதுரை அவளைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு படகு ஜெட்டிக்கு ஓடினான். போட்டில் போகும்போது அவன் பெண்டாட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். எடை ஏழு கிலோ அறுநூறு. டாக்டரம்மா கட்டிலருகே நின்று கவனித்துக்கொண்டிருந்தாள். வீரலட்சுமி வழக்கம்போல வார்டு வாசல் சட்டியில் மூன்று முறை கை முக்கிவிட்டு வந்து மகளின் கன்னத்தைத் தொடப் போனாள். டிரிப் ஏறிக்கொண்டு துவண்டு கிடந்த பிள்ளை, கண் மூடியபடியே முகத்தைத் திருப்பி உடம்பை வளைத்தது. டாக்டரம்மா வீரலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மூக்கருகே கொண்டுபோனாள். வீட்டிலும் இப்படித்தான் கழுவுவாயா என்று மலையாளத்தில் கேட்டாள். இவள் பெருமையோடு எல்லாவற்றையும் சொன்னாள். சோப்பு, தேங்காய் நார், ஒரு மூடி லோஷன், நூறு எண்ணுவது, எல்லாம். மூக்கைப் பிடித்துப் புகட்டியதும், காமாக்ஷி கையில் பிள்ளை தின்றதும்கூட அதில் வந்தது.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறந்ததிலிருந்து ஐம்பத்து மூன்று நாள், இந்த மணமுள்ள கை வந்த போதெல்லாம் இந்தக் குழந்தைக்கு மூக்கில் குழாய் ஏறியிருக்கிறது, பிளாஸ்திரி பிய்ந்திருக்கிறது, ஊசி குத்தியிருக்கிறது. அம்மாவின் பாலை அது வாயால் அறியவில்லை. மற்றப் பிள்ளைகள் முலையில் படிக்கிற பாடத்தை இது குழாயில் படித்துவிட்டது. இந்த மணம் வந்தால் அடுத்து வலி வரும் என்பதுதான் அது படித்தது. குழந்தைக்குப் பிடிவாதமும் இல்லை, நோயும் இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

வீரலட்சுமி தன் இரண்டு கைகளையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு, "நீங்கதானே டாக்டரே கழுவச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு சீட்டில் எதையோ எழுதினாள். குழாய் போடாமல் ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். அந்த லோஷனை வீட்டில் வைக்கக் கூடாது. புகட்டக் கூடாது. அது யார் கையில் சாப்பிட்டதோ அவர் கையில் கொடுக்கட்டும். ஒரு மாதத்தில் கொஞ்சமாவது ஏறவில்லையென்றால் தன்னால் தடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் இருந்த லோஷனை ஓடையில் கொட்டினாள். அது போக வேண்டிய இடத்துக்குக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. வெறும் தண்ணீரில் கை கழுவிக்கொண்டு, தட்டில் கஞ்சியோடு மகள் முன்னால் உட்கார்ந்தாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவள் மனம் சொன்னது. சோனியா அழவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தன் இரண்டு உள்ளங்கைகளாலும் மூக்கை மூடிக்கொண்டாள். மணம் போய்விட்டது. ஆனால் மூக்கைப் பிடித்த கை இதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு எந்த டாக்டரும் தேவையில்லை. வீரலட்சுமி தட்டை வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலமே காமாக்ஷியின் வாசலில் போய் நின்றாள். காமாக்ஷி மத்தி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவளுக்கு நீதான் சோறு குடுக்கணும்."

"அள்ளுற கையாச்சே. பரவாயில்லையா?"

"என்னை ஏசு. செருப்பால அடி. அவளுக்குக் குடு."

காமாக்ஷி மீனை உரசுவதை நிறுத்தவில்லை. "ஒன்ன ஏச எனக்கு எங்க நேரம்? ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அவ திங்கிற நேரத்துல நீ இந்தப் பக்கம் தல காட்டக் கூடாது. ஒன் காலடிச் சத்தம் கேட்டாலே அது பூட்டிக்கிடும். ஒனக்குத் தாங்காது, நீ ஓடி வருவ. அதான் இப்பவே சொல்றேன்."

"வரமாட்டேன்" என்றாள் வீரலட்சுமி.

ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் காமாக்ஷி ஊட்டவேயில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு தான் மட்டும் சாப்பிட்டாள். அந்த நாட்களில் ராத்திரி தூக்கத்தில் இசக்கிதுரை வைக்கிற பாட்டில் பால் மட்டும் பிள்ளைக்கு மறுபடி இறங்கியது. பத்தாம் நாள் அவள் தட்டிலிருந்து சோனியாவே ஒரு கப்பைத் துண்டை எடுத்தாள். பன்னிரண்டாம் நாள் மடியில் ஏறி வாயைத் திறந்தாள். இதெல்லாம் வீரலட்சுமிக்குக் காமாக்ஷி சொல்லித்தான் தெரியும். சாப்பாட்டு நேரம் வந்தால் அவள் காலனியை விட்டே போய்விடுவாள். படகு ஜெட்டி வரைக்கும் போய்த் திரும்புவாள். வழியில் யாராவது, "பிள்ளை சாப்பிட்டாளா?" என்று கேட்டால், "சாப்பிட்டா" என்பாள். பொறாமை அவளைத் தின்றது. ஒரு நாள் காமாக்ஷியின் கை அழுகிப் போகட்டும் என்று நினைத்தாள். உடனே பயந்துபோய், அந்தக் கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள்.

ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. காமாக்ஷியும் கூட வந்தாள். அவள் இல்லாமல் பிள்ளைக்கு வழியில் எதுவும் கொடுக்க முடியாது. தூக்குச்சட்டியில் சோறும் மீனும். கையை அவள் துடைத்திருந்தாள், அவ்வளவுதான்.

டாக்டரம்மா லீவில் போயிருந்தாள். அவள் இடத்தில் ஒரு இளம் டாக்டர். நல்லவன்தான், வேலையில் கண்டிப்பு. தராசு ஏழு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. அவன் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மூன்று வயதாகப் போகிற குழந்தைக்கு இது போதாது என்றான். எடையை வைத்துப் பார்த்தால் இன்றே குழாய் போட வேண்டும். அம்மா கையில் நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் விட்டுவிடலாம். அம்மா கையிலேயே சாப்பிடாத பிள்ளையை எதை நம்பி வீட்டுக்கு அனுப்புவது? தன் கண் முன்னால் அம்மா ஊட்டட்டும், தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி நர்ஸைக் கூப்பிட்டான்.

நர்ஸ் சீட்டைப் பார்த்து, "வீரலட்சுமி ஆரா?" என்று கேட்டாள்.

அந்த அறை முழுக்க அதே லோஷன் மணம். சோனியா ஏற்கெனவே காமாக்ஷியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். வீரலட்சுமி மகளின் முதுகைப் பார்த்தாள். எலும்பு எலும்பாக அந்தச் சின்ன முதுகு. தான் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த மேசைக்குப் பின்னால் குழாய்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதுகூட அவளுக்குத் தெரியும். நடந்ததையெல்லாம் இந்தப் பையனிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் நம்புவானா? நம்பினாலும், ஊட்டிக் காட்டு என்றுதான் சொல்வான்.

"இவங்கதான் சாரே" என்று காமாக்ஷியைக் காட்டினாள்.

காமாக்ஷி திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனவள், வீரலட்சுமியின் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். "ஆமா. நான்தான்" என்றாள்.

"கை கழுகியிட்டு கொடுக்கு" என்று நர்ஸ் மூலையிலிருந்த சட்டியைக் காட்டினாள்.

காமாக்ஷி பிள்ளையோடு மூலைக்குப் போனாள். வீரலட்சுமி நர்ஸுக்கும் சட்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். மட்டாஞ்சேரிக்கு அடுத்த போட் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும் என்றாள் நர்ஸ். பன்னிரண்டரைக்கு ஒன்று உண்டே, அது இப்போதும் போகிறதா என்று மறுபடி கேட்டாள். நர்ஸ் சலித்துக்கொண்டு ஏதோ சொல்வதற்குள், காமாக்ஷி சட்டிக்கு மேலிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து சும்மா ஓடவிட்டு, மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

தூக்குச்சட்டியைத் திறந்து முதல் உருண்டையை எடுத்தபோது சோனியா வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். உதடு பூட்டிக்கொண்டது. டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தான். காமாக்ஷி சோற்றைக் கீழே வைத்துவிட்டு, மீன் பிசைந்த உள்ளங்கையைப் பிள்ளையின் முகத்தருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டாள். நேற்று மார்க்கெட்டில் ஒரு நாய் நெய்மீனைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளை அந்தக் கைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நாயை மீன்காரன் துரத்தினான் என்ற இடத்தில் வாய் திறந்தது.

ஏழு உருண்டை சாப்பிட்டாள். வீரலட்சுமி நடுவில் ஒரு தடவைகூட நகரவில்லை, இருமவில்லை. தான் இருப்பதை மகள் நினைத்துவிடக் கூடாது என்று சுவரோடு சுவராக நின்றாள்.

டாக்டருக்குத் திருப்தி. குழாய் வேண்டாம் என்று எழுதினான். அம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், இனி மாதாமாதம் அம்மாவே கூட்டிவர வேண்டும், வேறு யாரிடமும் கொடுத்து அனுப்பக் கூடாது என்று காமாக்ஷியிடம் சொன்னான். காமாக்ஷி தலையாட்டினாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. குழந்தை சாப்பிட்ட சந்தோஷம் என்று டாக்டர் நினைத்திருப்பான்.

நர்ஸ் சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வீரலட்சுமியின் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நேரம் நின்றுகொண்டே இருந்தவளைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, குரல் கொஞ்சம் இளகியது.

"சேச்சி ஆரா? பந்துவா?" அக்கா யார், சொந்தக்காரியா என்று.

"இல்ல சிஸ்டர். அடுத்த வீட்டுக்காரி. கூட வந்தேன்."

"சேச்சிக்கு குட்டிகள் உண்டோ?" பிள்ளைகள் உண்டா என்று.

காமாக்ஷி சட்டென்று நிமிர்ந்தாள். அவள் தோளில் சாய்ந்தபடி, வயிறு நிறைந்த களைப்பில், சோனியா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சிஸ்டர்" என்றாள் வீரலட்சுமி. குனிந்து, தரையில் சிந்தியிருந்த இரண்டு பருக்கைச் சோற்றைப் பொறுக்கிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் வெளியே நடந்தாள்.